இரைக்கு ஏற்ற முள்

தூண்டில் முள் வாங்கப் போகிறவரைக் குழப்புவதற்கென்றே யாரோ உட்கார்ந்து அதற்கு நம்பர் போட்டிருக்கிறார்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் ஏற ஏற முள் சிறுக்கும். பத்தாம் நம்பர் முள் கெண்டைக் குஞ்சுக்குத்தான் ஆகும். ஒன்றைவிடப் பெரிய முள்ளுக்கு எண் இல்லாமல் போனதும் பக்கத்தில் ஒரு கோடும் சைபரும் சேர்த்துக்கொண்டார்கள்: 1/0, 2/0, 3/0. இந்த வரிசையில் எண் ஏறினால் முள்ளும் பெருக்கும். அதோடு விட்டார்களா? நார்வேயின் மஸ்டாட் கம்பெனி 1877 முதல் முள் செய்கிறது. அதன் 5/0-வையும் இன்னொரு கம்பெனியின் 5/0-வையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி என்றுகூடச் சொல்ல முடியாது. ஆழ்கடலில் சூரை பிடிக்கும் ஜப்பான் முள்ளுக்குக் கணக்கே தனி. 'சுன்' என்ற பழைய அளவில் 3.6 என்றால், வளைவை நிமிர்த்திய கம்பியின் நீளம் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர்.

ஆகவே நம்பரை விட்டுவிட்டு, முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பதுதான் வழி. செத்த இரை என்றால் மீனின் வாயை மட்டும் நினைத்து முள்ளை எடுக்கலாம். உயிர் இரைக்கு அது போதாது. முள் கனத்தால் இறால் நீந்தாமல் அடியில் படுத்துவிடும். கம்பி தடித்தால் குத்திய இடம் கிழிந்து சீக்கிரம் செத்துப்போகும். முள் மிகச் சிறியதாக இருந்தால் இரையின் உடம்புக்குள்ளேயே புதைந்துவிடும். மீன் விழுங்கினாலும் முனை அதன் வாயில் ஏறாது. இடைவெளி இரையின் தடிமனைப்போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும் என்பது நான் பின்பற்றும் கணக்கு. "கொடுவாவுக்கு என்ன முள்?" என்று கடையில் கேட்பது பாதிக் கேள்விதான். என்ன இரை போடப்போகிறீர்கள் என்று கடைக்காரர் திருப்பிக் கேட்டால் அவரிடம் நம்பி வாங்கலாம்.

சென்னை ராயப்பேட்டையில் இருக்கும் எங்களுக்குக் கடல் தூரமில்லை. ஐஸ் ஹவுஸைத் தாண்டினால் மணல். அயோத்தியாகுப்பம், நடுக்குப்பம், நொச்சிக்குப்பம் என்று வரிசையாகக் குப்பங்கள். ஆனால் அங்கே பிழைப்பு பெரும்பாலும் வலையில்தான். தூண்டிலும் கையுமாக அலைவது எங்களைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்கள். உயிர் இரைக்கு ஜாம்பஜார் சந்தை உதவாது. அங்கே இருப்பது ஐஸில் கிடக்கும் இறால். எண்ணூர், முட்டுக்காடு, பழவேற்காடு என்று கழிமுகத்துக்குப் போய், வீச்சு வலை போடத் தெரிந்த ஒருவரைக் கெஞ்சிப் பிடிக்க வேண்டும். அவர் வலையில் அன்றைக்கு என்ன விழுகிறதோ அதுதான் இரை. விரல் நீள இறாலும் விழலாம், மடவைக் குஞ்சும் விழலாம், வெறும் காரைப்பொடியும் விழலாம். இறாலுக்கு மெல்லிய கம்பியில் 1 அல்லது 1/0, சின்ன மடவைக்கு 3/0, படகில் போய்ச் சாண் நீளக் கானாங்கெளுத்தியை உயிரோடு விடுவதானால் 7/0. எதுவும் விழலாம் என்பதால் எல்லாவற்றையும் சுமக்கிறோம்.

எங்கள் தெருவில் குடியிருக்கும் மட்டக்களப்பு நண்பர் ஒருவருக்கு என் முள் பெட்டி ஒரு வேடிக்கை. "இதென்ன, நகைக்கடையா வச்சிருக்கிறீங்க? எங்கட வாவியில இறாலுக்கு ஒரு முள்ளு, மறுகா பெரிய மீனுக்கு ஒண்டு. அவ்வளவுதான்" என்பார். அவர் வீட்டு வாசலிலேயே சுமார் 56 கிலோமீட்டர் நீளத்துக்கு வாவி கிடந்தது. இறாலைத் தேடி அவர் எங்கும் போனதில்லை. இரை மாறாத ஊரில் முள்ளும் மாறாது. இரு கரைக்கும் நான் காணும் வித்தியாசம் இதுதான். கை நுணுக்கத்திலோ மீனிலோ பெரிய பேதம் இல்லை. இரை எங்கிருந்து, எப்படிக் கிடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

மீன் இரண்டிடத்திலும் அதே கொடுவாதான். கொடுவா இரையைக் கடிப்பதில்லை. வாயை அகலத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடும். அதனால்தான் பத்துக் கிலோ மீனையும் இறால் மாட்டிய சின்ன முள் நிறுத்திவிடுகிறது. வஞ்சிரம் இதற்கு நேர்மாறு. யாழ்ப்பாணத்தார் அறக்குளா என்று சொல்லும் அந்த மீன், கானாங்கெளுத்தியை வாலோடு துண்டாக வெட்டிக்கொண்டு போய்விடும். அங்கே ஒரே முள்ளைப் பெரிதாக்கிப் பயனில்லை. மூக்கில் ஒன்று, வால் பக்கம் ஒன்று என்று இரண்டு முள்ளும், தூண்டில் நரம்புக்குப் பதில் சிறிது எஃகுக் கம்பியும் வேண்டும்.

இந்தக் கணக்கையெல்லாம் கவிழ்க்கிற தொழில் ஒன்று லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் உண்டு. வெள்ளிபோல மின்னும் சின்னஞ்சிறு மீன்களை லகூனில் பிடித்து, படகிலேயே தண்ணீர்த் தொட்டியில் உயிரோடு வைத்து, சூரைக் கூட்டத்தைக் கண்டதும் கடலில் வாரி இறைக்கிறார்கள். வெறிபிடித்து மேலே வரும் சூரையைக் கம்பில் கட்டிய முள்ளால் தூக்கி எறிகிறார்கள். உயிர் இரை முழுக்கக் கடலில். முள்ளில் ஒன்றுமே இல்லை. முனையில் எதிர்முள்ளும் கிடையாது, படகில் விழும்போதே மீன் தானாகக் கழன்றுவிட வேண்டும் என்பதற்காக. இங்கே முள்ளின் அளவை இரை தீர்மானிப்பதில்லை, சூரையின் வாயும் தூக்குபவரின் வேகமும் தீர்மானிக்கின்றன. இலங்கையின் தெற்கே மிரிஸ்ஸ, வெலிகமைப் பக்கமும் இதே தொழில் இருந்தது. செவுள் வலை பரவியதும் அது ஒடுங்கியது. அங்கிருந்து அதிக தூரமில்லாத அகங்கமையில் கடலில் கம்பு நட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு இரையே வேண்டாம். இன்று அவர்களில் பலருக்கு மீனும் வேண்டாம், சுற்றுலாப் பயணியின் கேமரா போதும். சம்பலுக்குச் சூரைக் கருவாடான மாசியை இடிக்கிற இலங்கைச் சமையலறைக்கு மட்டும் இந்தத் தொழிலின் வாசனை விட்டபாடில்லை.

இரைப் பிரச்சினை அரசாங்கத் திட்டத்தையும் விடவில்லை. 2017 ஜூலையில் இந்தியா, இலங்கை இரு நாட்டிலும் ஒரே மாதத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. இலங்கைப் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்து சட்டத்தைத் திருத்தியது. ராமேஸ்வரத்தில் பிரதமர் மோடி, பாக் நீரிணை இழுவைப் படகுகளுக்கு மாற்றாக ஆழ்கடல் படகு தரும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஒரு படகுக்கு 80 லட்சம் ரூபாய், அதில் 70 சதவீதம் மானியம், இலக்கு 2,000 படகுகள். வரிசையாகப் பல நூறு முள் தொங்கும் ஆயிரங்கால் தூண்டிலும் செவுள் வலையும்தான் அதன் ஆயுதம். படகுக்குப் பணம் வந்தது. இறாலுக்காக மடி இழுத்துப் பழகியவருக்கு இரையை யார் தருவது? ஐந்நூறு முள் விட்டால் ஐந்நூறு இரை வேண்டும், அதுவும் ஒரே அளவில். அளவு கலந்தால் முள்ளும் கலக்க வேண்டும், அத்தனை கிளைக் கயிறுகளில் அது நடக்காது. திட்டம் மெதுவாக நகர்ந்ததற்குக் கடன், அனுபவமின்மை என்று பல காரணம் சொல்வார்கள். இரையையும் அந்தப் பட்டியலில் சேர்ப்பேன். இலங்கையின் தெற்கு, மேற்குத் துறைகளில் பலநாள் படகுகள் பல பத்தாண்டுகளாக ஓடுகின்றன. பால்மீனை வளர்த்து இரையாக்கும் முயற்சியும் அங்கே உண்டு. வடக்கே மயிலிட்டியில் சிறு படகுக்காரருக்கு அந்த வசதி எட்டவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆழ்கடலிலிருந்து எங்கள் பெட்டிக்கு வந்து சேர்ந்த ஒன்று சர்க்கிள் ஹூக். முனை உள்நோக்கி மடிந்திருக்கும். மீன் விழுங்கித் திரும்பும்போது தாடையோரத்தில் தானே ஏறிக்கொள்ளும். தொண்டையில் சிக்காததால் ஆமையும் வேண்டாத மீனும் பிழைக்க வாய்ப்பு அதிகம். முனை மடிந்திருப்பதால் இடைவெளி குறைவு. எனவே சாதாரண முள்ளில் 1/0 போடும் இறாலுக்கு இதில் ஓரிரு அளவு கூட்டிப் பார்க்க வேண்டும், இரையை நடு உடம்பில் குத்தாமல் ஓரத்தில் மட்டும் மாட்ட வேண்டும். மீன் எடுத்ததும் சுண்டி இழுக்கக் கூடாது. மட்டக்களப்பு நண்பருக்கு இது பிடிக்கவில்லை. "இழுவை தெரிஞ்ச பிறகும் கையைக் கட்டிட்டு நிக்கிறதா?" என்று பழைய முள்ளையே மாட்டுகிறார். இறாலைத் தலையில் கொம்புக்குப் பின்னால், அங்கே தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் குத்துவது அவர் பழக்கம். நான் வாலில் குத்துவேன். தலையில் குத்தினால் இழுக்கும்போது இறால் சுழலாமல் வரும் என்கிறார் அவர். முட்டுக்காட்டில் தண்ணீர் ஓட்டம் பலமாக இருக்கும் நாளில் அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கிறது.