திறந்த பத்திரமும் மண்பாண்டமும்

எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த நாளில், காவலிலிருந்த எரேமியா ஆனதோத்தூர் நிலமொன்றை விலைக்கு வாங்கினார். முத்திரையிட்ட கிரயப் பத்திரத்தையும் திறந்த பிரதியையும் நெடுநாள் நிலைக்கும்படி மண்பாண்டத்தில் வைக்குமாறு பாருக்கைப் பணித்தார் (எரே. 32). வாசிக்கத் திறந்து வைப்பது ஒரு கடமை. அழியாமல் காப்பது மற்றொரு கடமை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இன்று நம்மிடையே பரவியுள்ளது.

காத்தும் திறவாதிருந்த குறை முன்னோருடையது. சீகன்பால்க் ஐயர் தென்னிந்தியத் தெய்வங்களைக் குறித்து 1713இல் எழுதிய நூல் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு அனுப்பப்பட்டு அங்கே அழியாதிருந்தது. ஆயினும் அவர் பெயரோடு அது அச்சேறியது 1867இல், சென்னையில்தான்.

திறந்தும் காவாதிருக்கும் குறை நம்முடையது. ஆய்வு நூல்களைக் கட்டணமின்றி யாவரும் வாசிக்க இணையத்தில் வழங்குவது போற்றத்தக்கதே. ஆனால், ஏற்றியவுடன் பணி முடிந்ததெனக் கருதுவது பிழை. ஆண்டுக் கட்டணம் செலுத்தத் தவறினால் தளம் மறையும். எழுத்துக் குறியீடு வழக்கொழிந்தால் நூல் இருந்தும் வாசிக்க இயலாது.

அடியேன் ஊழியம் செய்யும் திருத்தணியில் மலைப்படிகளில் திருப்புகழ் பாடப்படுகிறது. சிதறிக்கிடந்த அதன் ஏடுகளை வ. த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்து, 1894இல் முதற்பகுதியை அச்சிட்டார். நாவில் வழங்கிய பாடலுக்கும் இத்தகைய உழைப்பு வேண்டியிருந்தது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் திஸ்கி குறியீட்டில் வெளியிட்ட தமிழ் நூல்களைப் பின்னர் யுனிகோடுக்கு மாற்றியது. செல்லரிக்குமுன் ஏட்டைப் பெயர்த்தெழுதிய பழைய தொண்டே இது.

ஒரே இடத்திலுள்ள ஒரே படி காப்பாகாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1999இல் உருவான லாக்ஸ் முறையில், பல நூலகங்கள் தத்தம் படிகளை வைத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பழுதைச் சீர்செய்கின்றன. நம் இறையியல் கல்லூரிகளும் இவ்வாறு இணைதல் அரிதன்று. இணையத்தில் இடும் ஒவ்வொரு ஆய்வேட்டின் படியும் வேறிரு நூலகங்களில் இருக்கட்டும். தாளில் ஒரு படி பேணப்படட்டும். ஆண்டுதோறும் அவற்றைத் திறந்து பார்க்கும் பொறுப்பு ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைக்கப்படட்டும்.

தமிழில் இறையியல் எழுதுவோர் சிலரே. அச்சிலருடைய உழைப்பும் அடுத்த தலைமுறைக்கு எட்டாமற்போனால், நம் மாணவர் மீண்டும் பிறமொழி நூல்களையே நம்பி நிற்பர். வீழவிருந்த நகரிலும் பின்வருவோரை நினைத்துப் பத்திரத்தைக் காத்தார் தீர்க்கதரிசி. நாமோ அமைதியான நாளில் வாழ்கிறோம். நமக்குச் சாக்கு ஏது?