மேட்டிலிருந்து எழுதிய சீட்டு

சில வருடங்களுக்கு முன் ஒரு ராத்திரி, வீட்டிலிருந்தபடி, நைட் ஷிஃப்டில் இருந்த ஜூனியருக்கு ஒரு வரி அனுப்பினேன்: "பழைய சர்வரை நிறுத்திடுங்க, அவசரம்." என் திரையில் பழைய சர்வர் ஒன்றுதான் தெரிந்தது. அவர் திரையில் இரண்டு. தப்பானதை நிறுத்திவிட்டார். காலையில் எழுதப்பட்ட அறிக்கையில் தவறு அவருடையது என்று பதிவானது. என் வரியை யாரும் குறை சொல்லவில்லை, அவ்வளவு கச்சிதமாக இருந்தது.

சுருக்கமாக எழுதினால் தெளிவு தானாக வந்துவிடும் என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். இந்த நம்பிக்கைக்கு ராணுவத்தில் பெரிய மரபே இருக்கிறது. 1940 ஆகஸ்ட் 9 அன்று, பிரிட்டன் மீது ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்த நாட்களில், சர்ச்சில் உட்கார்ந்து அறிக்கைகளின் நீளத்தைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். பத்திகள் சிறியதாக இருக்கட்டும், புள்ளிவிவரங்கள் பின்னிணைப்புக்குப் போகட்டும் என்றார். அமெரிக்க ராணுவத்தின் கடித விதிமுறை, ஒரே வேகமான வாசிப்பில் புரிய வேண்டும், முக்கியமான செய்தி முதலில் வர வேண்டும் என்கிறது. எல்லாமே நல்ல விதிகள். ஆனால் இவை அத்தனையையும் கடைப்பிடித்த ஒரு சீட்டு ஒரு குதிரைப்படையையே அழித்திருக்கிறது.

1854 அக்டோபர் 25, கிரிமியாவில் பாலக்லாவா. பிரிட்டிஷ் தளபதி ராக்லன் பிரபு மேட்டின் மேல் இருந்தார். துருக்கியப் படையிடமிருந்து பிடித்த பீரங்கிகளை ரஷ்யர்கள் பக்கத்துக் குன்றுகளிலிருந்து இழுத்துப்போவது போல அவருக்குத் தெரிந்தது. ஏரி என்ற அதிகாரி பென்சிலால் ஆணையை எழுதினார். குதிரைப்படை வேகமாக முன்னே போக வேண்டும், எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும், உடனடியாக. சில வரிகள்தான், முக்கியமானது முதலிலேயே இருக்கிறது.

இந்தச் சீட்டை ஒரு பிரதியாக வாசித்துப் பாருங்கள். 'முன்னே' என்றால் யாருக்கு முன்னே? 'பீரங்கிகள்' என்றால் எவை? குன்றுகளைப் பற்றிய பேச்சு இதற்கு முந்தைய ஆணையில் இருந்தது. இரண்டையும் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது ராக்லனின் எண்ணம். ஆனால் இந்தச் சீட்டில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. கீழே பள்ளத்தாக்கில் நின்ற லூக்கன் பிரபுவுக்கு அந்தக் குன்றுப் பீரங்கிகள் கண்ணில் படவே இல்லை. எந்தப் பீரங்கி என்று அவர் கேட்டபோது, சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலன் கையை வீசிக் காட்டினார். அந்தக் கை எதைக் காட்டியது என்று இன்றும் விவாதிக்கிறார்கள். பள்ளத்தாக்கின் கடைசியில் நின்ற ரஷ்யப் பீரங்கிகளை நோக்கி 600-க்கும் மேற்பட்ட குதிரை வீரர்கள் பாய்ந்தார்கள். 100 பேருக்கு மேல் செத்தார்கள். முதலில் விழுந்தவர்களில் நோலனும் ஒருவர். லூக்கன் ஆணையைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்று ராக்லன் லண்டனுக்கு எழுதினார். லூக்கன் திருப்பி அழைக்கப்பட்டார்.

அப்படியானால் சுருக்கமே ஆபத்தா? இல்லை. 1862 பிப்ரவரியில் டொனல்சன் கோட்டையை முற்றுகையிட்ட கிராண்ட், எதிர்த்தரப்புத் தளபதி பக்னருக்கு எழுதிய கடிதமும் சில வரிகள்தான். நிபந்தனையற்ற உடனடிச் சரணைத் தவிர வேறெதையும் ஏற்க முடியாது என்றார். பக்னருக்குச் சந்தேகமே வரவில்லை. காரணம், இருவர் கண்முன்னும் இருந்தது ஒரே கோட்டை, ஒரே முற்றுகை.

எழுதுபவரும் வாசிப்பவரும் ஒரே தரையில் நிற்கும்போது மட்டுமே சுருக்கம் தெளிவாகிறது. ஒருவர் மேட்டிலும் இன்னொருவர் பள்ளத்திலும் நின்றால், வெட்டிய ஒவ்வொரு சொல்லின் சுமையும் கீழே இருப்பவர் தலையில்தான் விழுகிறது. ராணுவத்தில் மேட்டில் இருப்பவர் பெரும்பாலும் மேலதிகாரி. அறிக்கை எழுதுவதும் அவரே.

இப்போது நான் சர்வரின் முழுப் பெயரையும் எழுதுகிறேன், உங்கள் திரையில் என்ன தெரியுது என்று ஒரு கேள்வியும் சேர்க்கிறேன். அந்தப் பழைய அறிக்கையில் இன்னமும் அந்த ஜூனியரின் பெயர்தான் இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லி நான் இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை.