பழுப்பின் மேல் ஒரு நிறம்

வரைகலை வடிவமைப்பில் சுற்றுச்சூழல் அக்கறை என்றாலே காகிதத்தைக் குறை, மையைக் குறை, பிளாஸ்டிக்கைத் தவிர் என்ற கட்டளைகளோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தக் கட்டளைகளுக்கு உட்பட்டுப் பிறந்த ஒரு படைப்பு எவ்வாறு அழகு பெறுகிறது, அதன் அழகை அறிய எப்படிப்பட்ட கண் வேண்டும் என்ற கேள்விகளுக்கு ரசனை எழுத்தில் இடம் கிடைப்பது அரிது. அந்தக் கண்ணைப் பழக்கிக்கொள்ளத் தமிழ்நாட்டின் வட எல்லையில் ஓர் இடம் உண்டு. கர்நாடகத்தின் அத்திப்பள்ளியைக் கடந்து தேசிய நெடுஞ்சாலை 44 தமிழ்நாட்டுக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்படும் ஜூஜுவாடியிலும், அதை ஒட்டி விரியும் ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையிலும் லாரிகளில் ஏறி இறங்கும் பழுப்பு அட்டைப்பெட்டிகளை நின்று பார்ப்பவர், குறைந்த பொருளில் நிறைந்த வடிவமைப்பு என்பது எத்தகையது என்பதைப் புத்தகத்தின் துணையின்றியே கற்றுக்கொள்ள முடியும்.

ஓசூர் மண்டலத்தின் பெயர் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் முதலிய பெருநிறுவனங்களோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. அந்நிறுவனங்களைச் சுற்றியும் அவற்றுக்கு அப்பாலும் இயங்கும் சிறுதொழில்களின் சரக்கில் பெரும்பகுதி வெளியூர் செல்வது அட்டைப்பெட்டிக்குள்தான். இதே வட்டாரத்தின் ரோஜாக்கள்கூட நெளிவட்டையில் சுற்றப்பட்டு, அட்டைப்பெட்டிக்குள் அடுக்கப்பட்டே விமானம் ஏறுகின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் பழங்காலந்தொட்டுப் புழங்கிவரும் இந்த ஊர்களில், வட மாநிலங்களிலிருந்து வந்த தொழிலாளர்களின் இந்தியும் ஒடியாவும் இப்போது கலந்துவிட்டன. ஆகவே பெட்டியின் மேல் அச்சாகும் குறிகள் எந்த மொழியையும் நம்பி நிற்க முடியாது. நனையக் கூடாது என்பதற்குக் குடை, உடையக்கூடியது என்பதற்குக் காலுடைய கண்ணாடிக் கிண்ணம், இந்தப் பக்கம் மேலே என்பதற்கு ஒரு கோட்டின் மேல் நிற்கும் இரண்டு அம்புகள் என, ஐஎஸ்ஓ 780 என்னும் பன்னாட்டுத் தரநிலை வகுத்த இச்சின்னங்கள் எழுத்தறியாதவரும் ஒரே பார்வையில் புரிந்துகொள்ளத்தக்கவை. அம்புக்குறி பெட்டியின் நான்கு பக்கங்களிலும் இடப்புற மேல்மூலையை ஒட்டி வர வேண்டும் என்று அத்தரநிலை சொல்கிறது; பெட்டியை எந்தப் பக்கத்திலிருந்து அணுகினாலும் தூக்குபவரின் கண் ஒரே இடத்தில் செய்தியைக் காணும் என்பதே அதன் நோக்கம்.

பெட்டியின் உடலைத் தெரிந்துகொண்டால்தான் அதன் முகத்தை ரசிக்க முடியும். கிராஃப்ட் என்று வழங்கும் பழுப்புக் காகிதத்தின் இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே, அலை அலையாக நெளிக்கப்பட்ட மூன்றாவது தாளை ஸ்டார்ச் பசையால் ஒட்டினால் அது 3 ப்ளை அட்டை. மேலும் ஒரு நெளிவும் ஒரு தட்டைத் தாளும் சேர்ந்தால் 5 ப்ளை. நடுவிலுள்ள நெளிவுக்கு ஃப்ளூட் என்று பெயர். ஒரு பெட்டி மற்றொன்றின் எடையைத் தாங்கி நிற்பதற்கு இந்த நெளிவு நசுங்காமல் இருப்பது இன்றியமையாதது. காகிதத்தின் கனத்தை ஜிஎஸ்எம் என்றும், அழுத்தத்துக்குக் கிழியாமல் நிற்கும் திறனை பிஎஃப் என்றும் அளக்கிறார்கள். இந்தியாவில் உருவாகும் கிராஃப்ட் காகிதத்தில் பெரும்பகுதி பழைய பெட்டிகளையும் கழிவுத் தாளையும் கூழாக்கிச் செய்யப்படுவது. ஒவ்வொரு சுற்றிலும் நார் குறுகிக்கொண்டே வருவதால், பொதுவாக ஐந்து முதல் ஏழு சுற்றுகளுக்குப் பின் அது கூழில் நிற்கும் வலுவை இழக்கிறது. எனவே ஒரு பெட்டியின் முகத்தில் தெரியும் கரும்புள்ளிகளும் நிறத் திட்டுகளும் பிழைகள் அல்ல. அக்காகிதம் இதற்கு முன் வாழ்ந்த வாழ்க்கைகளின் தடங்கள் அவை.

அந்த முகத்தில் அச்சிடும் முறை ஃப்ளெக்ஸோ எனப்படுகிறது. மேடாக நிற்கும் எழுத்தும் உருவமும் கொண்ட ரப்பர் அல்லது பாலிமர் தகட்டைத் தொழிலில் ஸ்டீரியோ என்பார்கள். அதை உருளையில் ஒட்டி, நீரை அடிப்படையாகக் கொண்ட மையைத் தடவி, அட்டையின் மேல் உருட்டுவதே செயல்முறை. இங்கேதான் வடிவமைப்பாளரின் அறிவு சோதிக்கப்படுகிறது. தட்டையான தகடு உருளையில் வளையும்போது உருவம் ஒரு திசையில் நீள்கிறது. அதை முன்னறிந்து கணினியில் அத்திசையில் சற்றே சுருக்கி வரையாவிட்டால் வட்டம் முட்டையாகிவிடும். அழுத்தத்தில் மை பரவுவதால் எழுத்து தடிக்கிறது. ஞ, ண, ணை போன்ற சுழிகள் நிறைந்த தமிழ் எழுத்துகளின் உள்வெளி அடைபட்டுக் கரும்பொட்டாகாமல் இருக்க, சுழிகள் அகன்ற எழுத்துரு தேவை. தமிழில் பெயர் பொறித்த பெட்டிகளில் இந்த அகலத்தைக் கணித்து வரைந்தவற்றுக்கும் ஏதோ ஓர் எழுத்துருவை எடுத்து ஒட்டியவற்றுக்கும் உள்ள வேறுபாடு பத்தடித் தொலைவிலிருந்தே புலப்படும்.

எல்லாவற்றிலும் நுட்பமானது நிறப்பரப்பு பற்றிய கணக்கு. பெட்டியின் ஒரு பக்கம் முழுவதையும் அடர்நிறத்தால் நிரப்ப விரும்பும் வடிவமைப்பாளர், மை சீராகப் படிய அச்சு இயந்திரத்தின் அழுத்தத்தைக் கூட்டச் சொல்கிறார். கூடுதல் அழுத்தத்தில் உள்ளே நெளிவு நசுங்குகிறது. நெளிவு நசுங்கினால் பெட்டியின் தாங்குதிறன் குறைகிறது. குறைந்த திறனை ஈடுசெய்ய அதிகக் கனமுள்ள காகிதம் கேட்கப்படுகிறது. அவ்வளவுக்குப் பிறகும் நெளிவின் மேடு பள்ளங்கள் நிறப்பரப்பில் வரிவரியாகத் தெரிந்து முகத்தைக் கெடுக்கின்றன. மாறாக, கோட்டுருவமும் எழுத்தும் அகன்ற வெற்றிடமுமாக வரையப்பட்ட பெட்டியில் அழுத்தம் லேசாக இருந்தாலே போதும். மை மிச்சம், காகிதம் மிச்சம், நெளிவு முழுமை, தோற்றமும் தெளிவு. சிக்கனமும் வலிமையும் அழகும் ஒரே முடிவிலிருந்து கிளைக்கும் இத்தகைய இடம் வரைகலையின் வேறெந்தப் பிரிவிலும் இவ்வளவு கறாராக வாய்ப்பதில்லை. பெட்டிகளில் காணும் ஐடிஎஃப்-14 பட்டைக்குறியைச் சுற்றியுள்ள தடித்த கறுப்புச் சட்டத்துக்கும் இதுபோன்ற காரணம் உண்டு: மெல்லிய கோடுகளின் மேல் தகட்டின் அழுத்தம் ஒரே சீராக விழ அந்தச் சட்டம் துணைசெய்கிறது. பார்ப்பவருக்கு அணிகலனாகத் தெரிவது உண்மையில் பொறியியல்.

இத்தகைய பெட்டி ஒன்றை அருகே சென்று பார்க்கத் தகும். கருநீலம் ஒன்றே நிறம். நிறுவனத்தின் பெயர் இரண்டு பெரிய பக்கங்களில் மட்டும் வந்திருக்க, சிறிய பக்கங்களில் எடையும் அளவும் சரக்கு எண்ணும் எழுதிக்கொள்ளக் கோடிட்ட இடம் விடப்பட்டிருக்கிறது. வெவ்வேறு சரக்குக்கு வெவ்வேறு ஸ்டீரியோ வெட்டாமல், ஒரே பெட்டியைப் பல பொருள்களுக்குப் பயன்படுத்தவே அந்த வெற்றுக் கோடுகள். மேல்மூடியின் நான்கு இதழ்களும் ஒரே உயரத்தில் வெட்டப்பட்டிருப்பதால், அட்டையில் ஸ்லாட் வெட்டிய மெல்லிய துண்டுகளும் ஓரச் சீவலும் தவிரப் பெரிதாகக் கழிவு விழவில்லை. பொருத்துவாயில் உலோகப் பின் அடிக்காமல் பசையால் ஒட்டியிருக்கிறார்கள். கூழாக்கும் ஆலையில் பிரித்தெடுக்க வேண்டிய பொருள் ஒன்று குறைந்தது. கையெழுத்தில்லாத கலைஞரின் இந்த முடிவுகள் ஒவ்வொன்றும் பாராட்டுக்கு உரியவை.

பழுப்பின் மேல் நிறம் தேர்வதும் தனிக்கலை. மஞ்சள் மங்கி மறைகிறது. வெளிர்நீலம் சேற்று நிறமாகிறது. கறுப்பும் கருநீலமும் அடர்சிவப்பும் கரும்பச்சையும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. இதை அறிந்தவர் காகிதத்தோடு போராடுவதில்லை. மண்தரையையே பின்னணி நிறமாக ஏற்றுக்கொள்ளும் கோலத்தைப் போல, பழுப்பையே தம் முதல் நிறமாகக் கொண்டு அதன் மேல் இன்னொன்றை மட்டும் வைக்கிறார். அந்த இன்னொன்றை அச்சகத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் நிறத்திலிருந்தே தேர்ந்தெடுப்பவர் மேலும் ஒரு படி உயர்கிறார். ஒரு நிறத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறும் ஒவ்வொரு முறையும் உருளையும் மைத்தொட்டியும் கழுவப்பட வேண்டும், கழுவிய நீர் சுத்திகரிக்கப்பட வேண்டும். பெங்களூரின் கழிவைச் சுமந்துவரும் தென்பெண்ணையாறு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெண்ணுரையாகப் பொங்கி நிற்பதை ஆண்டுதோறும் பார்த்துவரும் வட்டாரம் இது. இங்கே ஒரு நிறத்தைக் குறைப்பதென்பது வெறும் அச்சுக்கூலிக் கணக்காக இருக்க முடியாது.

காகிதத்தின் இயல்நிறத்தையே ஓவியத்தின் பகுதியாக்கும் இந்தக் கலையைத் தமிழ்நாட்டில் உச்சத்துக்குக் கொண்டுசென்ற இடம் சென்னை. கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், பருத்தித் துணிக் கழிவிலிருந்து செய்யப்பட்ட கைத்தாளில், ஏஎம்எம் ஸ்கிரீன்ஸ் என்னும் கூடத்தில், ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே கையால் திரையச்சு செய்து புத்தகங்களை உருவாக்கி வருகிறது. திரையச்சு என்பது சட்டத்தில் இழுத்துக் கட்டிய நுண்வலையில், உருவத்துக்கு உரிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு, அதன் வழியே மையை அழுத்தித் தாளில் இறக்கும் முறை. பஜ்ஜு ஷ்யாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி ஆகிய கோண்டு ஓவியர்கள் மரங்களின் இரவு வாழ்வை வரைந்த 2006ஆம் ஆண்டு நூலில் தாளே கறுப்பு. அங்கே இரவு அச்சிடப்படவில்லை. தாளாகவே வந்து அமர்ந்திருக்கிறது. அந்நூல் 2008இல் போலோன்யா புத்தகக் கண்காட்சியின் ராகாட்சி விருதைப் பெற்றது. வார்லி ஓவியங்களைக் கொண்ட ‘டூ!’ என்னும் மற்றொரு நூலில் மறுசுழற்சி செய்த பழுப்புத் தாளின் மேல் வெள்ளை மை மட்டும் ஓடுகிறது. மண்சுவரில் அரிசிமாவுக் கரைசலால் வரையும் மரபுக்கு அதைவிடப் பொருத்தமான தாள் கிடைத்திருக்காது. ஜூஜுவாடியின் சரக்குப் பெட்டியும் தாராவின் கைப்புத்தகமும் விலையிலும் நோக்கத்திலும் வெகு தொலைவில் நின்றாலும், பழுப்பை நிறமாக மதிக்கும் அறிவில் இரண்டும் ஒரே மரபைச் சேர்ந்தவை.

இதற்கு எதிரான போக்கையும் சொல்லியாக வேண்டும். வெள்ளைத் தாளில் நான்கு வண்ண மையைக் கொண்டு கிராஃப்ட் காகிதத்தின் பழுப்பையும் கரும்புள்ளிகளையும் படமாக அச்சிட்டு, அதன் மேல் பிளாஸ்டிக் படலத்தை ஒட்டி, மூலையில் ஒரு பச்சை இலையையும் வைக்கும் பெட்டிகள் அங்காடிகளில் பெருகிவருகின்றன. லேமினேஷன் எனப்படும் அந்தப் படலம் கூழ்த்தொட்டியில் கரையாமல் தனியே பிரிந்து குப்பையாகிறது. இயற்கையின் தோற்றத்தை இயற்கைக்குக் கேடு செய்து வரவழைக்கும் இந்த வடிவமைப்பு, சூழலுக்கு இழைக்கும் தீங்கோடு ரசனைக்கும் துரோகம் செய்கிறது. சட்டம் இதில் ஓரளவுக்கே உதவும். கர்நாடகம் 2016இல் பிளாஸ்டிக் பைகளோடு ஃப்ளெக்ஸ் பேனர்களையும் தடைசெய்தது. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கான தடை 2019 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசின் தடைப் பட்டியலில் இனிப்புப் பெட்டிகளையும் அழைப்பிதழ்களையும் சுற்றும் பிளாஸ்டிக் தாளோடு, 100 மைக்ரானுக்குக் குறைந்த பிவிசி பேனர்களும் சேர்ந்தன. பொதுவாகப் புழங்கும் ஃப்ளெக்ஸ் துணி அந்த அளவைவிடத் தடித்தது என்பதை எண்ணும்போது, சட்டத்தின் எல்லைக்கு வெளியே ரசனை செய்ய வேண்டிய வேலை எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பது விளங்கும்.

வெள்ளைத் தாளே தவிர்க்க முடியாத பணிகளும் உண்டு. பயன்படுத்தும் கையேடு, மருந்துக் குறிப்பு, பாடநூல் ஆகியவற்றில் படிப்பவரின் கண்ணே முதன்மை. அவற்றுக்கும் தமிழ்நாட்டில் தக்க வழி இருக்கிறது: கரூர் மாவட்டம் புகழூரில் 1979இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தாள் செய்கிறது. சர்க்கரை ஆலைகள் கொதிகலனில் எரித்துவந்த சக்கையைப் பெற்றுக்கொண்டு, மாற்றாக அவற்றுக்கு நீராவியோ எரிபொருளோ வழங்கும் ஏற்பாட்டில் அந்நிறுவனம் வளர்ந்தது. கையெட்டும் தொலைவில் இப்படியொரு தாள் இருக்க, இறக்குமதித் தாளின் பளபளப்பைத் தரமென்று நம்பும் வடிவமைப்புக் கூடங்கள் தங்கள் மாதிரிப் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நல்லது.

அச்சைக் குறைப்பதில் இன்னும் முன்னே சென்ற ஒரு தீர்வு வாகனத் தொழிலில் புழக்கத்தில் உள்ளது. உதிரிபாகங்கள் ஆலைகளுக்கிடையே போய்வரும் பிளாஸ்டிக் கூடைகளில் சரக்கு விவரம் எதுவும் அச்சிடப்படுவதில்லை. பக்கவாட்டுச் செருகியில் ஓர் அட்டை மட்டும் செருகப்படுகிறது, சரக்கு மாறும்போது அட்டை மாறுகிறது. கூடை மீண்டும் மீண்டும் வருவதால், உள்ளங்கை அகல அட்டையே அங்கு முழு வடிவமைப்பு.

ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் பெங்களூரின் தென்புறத்திலும் இயங்கும் வடிவமைப்புக் கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாடிக்கையாளர் வெள்ளைப் பூச்சும் நான்கு வண்ணமும் லேமினேஷனும் கேட்டு வரும்போது, மறுத்துப் பேசுவதற்கு முன் பழுப்பு அட்டையில் ஒரே நிறத்தில் ஒரு மாதிரிப் பெட்டியை உண்மையாகவே அச்சடித்து அவர் கையில் கொடுங்கள். கணினித் திரையில் பழுப்பு எப்போதும் ஏழ்மையாகவே தெரியும். அச்சேறிய பெட்டியைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகு அவர் முடிவு செய்யட்டும்.