பழி கார்டு மேல: சில பிழைச் செய்திகளை வாசித்தல்

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் பண்ணின கேமிங் கம்ப்யூட்டர், கேம் ஓடும்போது நின்றுபோனால் திரையில் ஒரு வாக்கியம் வரும். அதை எல்லாரும் தீர்ப்பு மாதிரி படிக்கிறோம். இந்தக் குறிப்பு அந்த வாக்கியங்களைப் பற்றிய விமர்சனம். கவிதையையும் நாவலையும் மட்டும்தான் விமர்சிக்கணும்னு சட்டம் ஒன்றும் இல்லையே. பிழைச் செய்தியும் எழுத்துதான். அதை நம்பி ஆட்கள் பணம் செலவழிக்கிறார்கள், அதனால் அதை எழுதுகிறவருக்குப் பொறுப்பு கூடுதல்.

முதலில், "வீடியோ மெமரி போதவில்லை" என்கிற செய்தி. 2023லும் 2024லும் அன்ரியல் எஞ்சினில் செய்த பல கேம்கள், ஆரம்பத்தில் ஷேடர்களைத் தயார் செய்யும் கட்டத்திலேயே இந்தப் பொருளில் ஒரு வரியைக் காட்டிவிட்டு மூடிக்கொண்டன. 24 ஜிபி மெமரி இருக்கிற கார்டு வைத்திருந்தவர்களுக்கும் அதே வரிதான். படித்தவர்கள் என்ன செய்வார்கள்? டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டார்கள், கேமில் தரத்தைக் குறைத்தார்கள், கார்டையே சந்தேகப்பட்டார்கள்.

உண்மையில் நடந்தது வேறு. கேமில் ஷேடர் தரவு சுருக்கி வைக்கப்பட்டிருக்கும். அதை விரித்துக் கொடுப்பது ப்ராசஸரின் வேலை. இன்டெலின் 13, 14ம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் சில, முக்கியமாக ஐ9 13900கே, 14900கே வகையறா, அந்தக் கடும் வேலையில் எப்போதாவது தப்பாகக் கணக்குப் போட்டன. விரிக்கும் மென்பொருள், 'தரவு சரியில்லை' என்று கண்டுபிடித்துச் சொன்னது. மேலே இருந்த எஞ்சின், கேட்ட பொருள் கிடைக்கவில்லை என்பதை மட்டும் பார்த்து, மெமரி போதவில்லை என்று எழுதிவிட்டது. அதாவது, கண்ணால் கண்டதை விட்டுவிட்டு யூகத்தை எழுதியது. 2024 ஏப்ரலில் என்விடியாவே, இந்த ப்ராசஸர்களில் இப்படிச் செய்தி வந்தால் இன்டெலைக் கேளுங்கள் என்று சொல்ல வேண்டி வந்தது.

ஜூலை 2024ல்தான் இன்டெல், மைக்ரோகோட் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்கிறது என்று ஒத்துக்கொண்டது. ஆகஸ்டில் வந்த திருத்தம் அந்த வோல்டேஜை 1.55க்கு மேல் போகாமல் கட்டிப் போட்டது. செப்டம்பரில் முழு விளக்கம் வந்தது: கூடுதல் வோல்டேஜும் சூடும் சேர்ந்து, கோருக்குள் கடிகாரத் துடிப்பைக் கொண்டுபோகும் சுற்றை முன்கூட்டியே மூப்படைய வைக்கிறது. உத்தரவாதத்தை 2 வருஷம் நீட்டி 5 ஆக்கினார்கள். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை எந்தத் திருத்தமும் சரிசெய்யாது.

இந்தக் கடைசி விஷயத்தால்தான் அந்த ஒரு வரியைச் சின்னப் பிழை என்று விட முடியவில்லை. சந்தேகம் கார்டு மேல இருந்த ஒவ்வொரு மாசமும் ப்ராசஸர் அதே வோல்டேஜில் தேய்ந்துகொண்டே இருந்தது.

ராஜபாளையத்துக்காரர்களுக்கு இந்த விஷயம் புதுசாக இருக்கக் கூடாது. 1936ல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கின ஊர் இது. நூல் அறுவதைப் பற்றி இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நூல் அறுவது ஸ்பின்னிங்கில், ரிங் ஃப்ரேமில். சைடர் ஓடிப்போய் இணைப்பதும் அங்கேதான். ஆனால் காரணம் ரிங் ஃப்ரேமில்தான் இருக்கணும்னு கட்டாயம் இல்லை. கார்டிங்கில் சரியாகப் பிரியாத பஞ்சாக இருக்கலாம், டிராயிங்கில் வட்டம் கெட்ட ரோலராக இருக்கலாம், கூடத்தில் ஈரப்பதம் குறைந்திருக்கலாம். அதனால்தான் மில்லில் தரம் பார்க்கிற ஆய்வகம் என்று ஒன்று இருக்கிறது. நூலின் கனம் எத்தனை நீளத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குகிறது என்று வரைபடம் எடுத்தால், எந்த ரோலர் குற்றவாளி என்று அந்த நீளமே காட்டிக்கொடுக்கும். அறுந்த இடத்தை வெறிச்சுப் பார்த்தால் அது கிடைக்காது.

இரண்டாவது செய்தி இதற்கு நேர் எதிர். கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்து திரும்ப வந்தால், விண்டோஸின் ஈவன்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு பதிவு இருக்கும். அது சொல்வது இவ்வளவுதான்: ஒழுங்காக ஷட்டவுன் ஆகாமல் சிஸ்டம் மறுபடி தொடங்கியிருக்கிறது. நாணயமான வாக்கியம், தெரிந்ததற்கு மேல் ஒரு சொல் இல்லை. இங்கே தப்பு வாசகர் பக்கம். பெயரில் 'பவர்' என்று இருப்பதால், உடனே "எஸ்எம்பிஎஸ் போச்சு" என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்தப் பதிவைத் திறந்து விவரத்தில் 'பக்செக்கோட்' என்கிற எண்ணைப் பார்க்கிறவர்கள் குறைவு. எண் பூஜ்யமாக இல்லையென்றால், சாவதற்கு முன் விண்டோஸுக்குப் பிழையைப் பதிய நேரம் கிடைத்திருக்கிறது. பெரும்பாலும் டிரைவர், ராம், ப்ராசஸர் பக்கம் தேட வேண்டும். பூஜ்யம் என்றால் அதற்கு நேரமே கிடைக்கவில்லை. கரண்ட் நின்றிருக்கலாம், அல்லது மொத்தமாக உறைந்து போயிருக்கலாம். ஒரு எண், இரண்டு திசை, செலவு ஒன்றும் இல்லை.

பூஜ்யம் வந்தாலும் உடனே எஸ்எம்பிஎஸ் வாங்கக் கிளம்ப வேண்டாம். நம் வீடுகளில் ஈபி கரண்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவே பெரும்பாலும் ஒரு இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ள சில மில்லி செகண்டுகள் ஆகும். பழைய ஏடிஎக்ஸ் விதிப்படி, முழுச் சுமையில் எஸ்எம்பிஎஸ் வெளிக் கரண்ட் இல்லாமல் 16 மில்லி செகண்ட் தாக்குப்பிடித்தால் போதும். நம் 50 ஹெர்ட்ஸ் கரண்டில் ஒரு முழு அலையே 20 மில்லி செகண்ட். இன்வெர்ட்டரின் பின்பக்க ஸ்விட்ச் 'யூபிஎஸ்' பக்கம் இல்லாமல் சாதாரண பக்கம் இருந்தால், மாறும் நேரம் இன்னும் கூடும். ஃபேனும் லைட்டும் அதைப் பொருட்படுத்தாது. சும்மா இருக்கிற கம்ப்யூட்டரும் பெரும்பாலும் தப்பித்துவிடும். கார்டு முழு மூச்சில் ஓடும்போதுதான் விழும். உடனே, "கேம் ஆடினால்தான் போகுது, அப்போ கார்டுதான்" என்போம். திரும்பவும் பழி கார்டு மேல.

சோதிப்பது சுலபம். எல்லாவற்றையும் சேவ் பண்ணிவிட்டு, கேமை ஓடவிட்டு, இன்வெர்ட்டருக்கு வரும் கரண்டை நாமே அணைத்துப் பார்க்கலாம். ரெண்டு மூன்று தடவை செய்தால் தெரிந்துவிடும். விழுந்தால் முதலில் அந்த ஸ்விட்ச். விழவில்லையென்றால் இன்வெர்ட்டர் மேல் இருந்த சந்தேகம் பெரும்பாலும் தீர்ந்தது, அடுத்ததைப் பார்க்கலாம்.

மூன்றாவது, நீலத் திரை. 2012ல் விண்டோஸ் 8 அதில் ஒரு சோக முகத்தை வைத்தது. பிறகு கியூஆர் கோடு வந்தது. 2025ல் முகமும் போய், நீலமும் போய், கறுப்பாகிவிட்டது. முகம் வந்த காலத்தில் நிறுத்தக் குறியீடு கீழே சின்ன எழுத்துக்கு ஒதுங்கிப்போனது. அனுதாபம் பெரிய எழுத்தில், தகவல் பொடி எழுத்தில்! புது வடிவத்தில் அனுதாபத்தைக் குறைத்தது நல்லதுதான். படிக்கிறவருக்கு வேண்டியது அந்தக் குறியீடும், விழுந்த டிரைவரின் பெயரும்தான்.

இந்த மூன்றையும் விட மோசமான எழுத்து ஒன்று உண்டு: 'கிராஷ் ஆகுதா? இந்தப் பத்து வழிகளை முயலுங்கள்' என்கிற பட்டியல். டிரைவரைப் புதுப்பி, பயாஸைப் புதுப்பி, ராமைக் கழற்றி மாட்டு, விண்டோஸை மறுபடி போடு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் தப்பில்லை. ஆனால் எந்த வழியிலும், 'இதைச் செய்து சரியானால் காரணம் இன்னது, ஆகாவிட்டால் இன்னது இல்லை' என்கிற வாக்கியம் கிடையாது. ஒரே நாளில் நாலைந்தை மாற்றிவிட்டால், சரியானாலும் எதனால் சரியாச்சு என்று தெரியாது. மறுபடி வந்தால் மறுபடி முதலிலிருந்து.

பட்டியலின் கடைசி வழி எப்போதும் ஒன்றுதான்: வேறு கார்டு போட்டுப் பாருங்கள். அதை எழுதினவர் மனதில் இருப்பது, பக்கத்து அலமாரியில் நாலு கார்டு கிடக்கிற ஒரு அறை. ராஜபாளையத்திலோ, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூரிலோ ஒரு பையன் கேமிங் கம்ப்யூட்டர் கட்டினால், அந்தத் தெருவில் அதுதான் ஒரே கார்டாக இருக்கும். மதுரையிலிருந்தோ சென்னை ரிச்சி தெருவிலிருந்தோ வந்திருக்கும். உத்தரவாதத்துக்கு அனுப்பினால் வாரக் கணக்கில் காத்திருக்கணும். புதுசாக வாங்குவதென்றால் வீட்டில் ஒருத்தருடைய மாதக் கணக்கான சம்பளம். இந்த இடத்தில் 'மாற்றிப் பார்' என்பது ஆலோசனையே இல்லை.

பணம் செலவாகாத, ஆனால் இரண்டில் ஒன்றைக் கட்டாயம் கழித்துவிடுகிற சோதனைகள்தான் நமக்கு வேண்டும். இன்டெல் விஷயத்திலேயே அப்படி ரெண்டு இருந்தன. ஒன்று, பயாஸில் வேகமான கோர்களின் உச்ச வேகத்தை 5.5லிருந்து 5.3 கிகாஹெர்ட்ஸ் அளவுக்கு இறக்குவது. கார்டில் கையே வைக்காமல் கிராஷ் நின்றால், கார்டு நிரபராதி. இரண்டு, ஒரு பெரிய ஜிப் ஃபைலைத் திரும்பத் திரும்ப விரிப்பது. அந்த வேலையில் கார்டுக்குப் பங்கே இல்லை. ஒரு தடவை சரி, ஒரு தடவை பிழை என்று வந்தால் ப்ராசஸரோ ராமோதான். ராமைப் பிரிக்க, பயாஸில் எக்ஸ்எம்பியை அணைத்து இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓட்டலாம். பெட்டியில் அச்சிட்ட வேகம் எக்ஸ்எம்பி வேகம்தான். அது ராமின் அடிப்படை வேகம் இல்லை என்பது பலருக்குத் தெரியாது.

'பிழைச் செய்தி எழுதுகிறவருக்கு நம் வீட்டு இன்வெர்ட்டர் எப்படித் தெரியும்?' என்று கேட்கலாம். நியாயம்தான், தெரிய முடியாது. அதனால்தான் அவர் கண்டதை மட்டும் எழுதணும். 'ஷேடர் தரவை விரிக்க முடியவில்லை' என்று அன்றைக்கு எழுதியிருந்தால், படித்தவர்களில் பாதிப்பேராவது வேறு திசையில் தேடியிருப்பார்கள்.

இப்போது பழைய மார்க்கெட்டில் 13, 14ம் தலைமுறை ப்ராசஸர்கள் மலிவாக வந்தால் ஆசைப்படாமல் இருப்பது கஷ்டம். பயாஸ் 2024 செப்டம்பருக்குப் பிந்தையதா என்று பாருங்க. அதற்கு முன் அது எத்தனை மாசம் பழைய மைக்ரோகோடில் ஓடியது என்று விற்கிறவரிடம் கேளுங்க. பணம் கொடுப்பதற்கு முன்னால் அங்கேயே அந்த ஜிப் ஃபைலை ஒரு பத்துத் தடவை விரிச்சுப் பாருங்க.