ஆம்ரபாலியும் மணிமேகலையும்

லேக் டாண்டன் 1966இல் இயக்கிய ‘ஆம்ரபாலி’ என்னும் இந்திப் படத்தில் வைஜயந்திமாலாவின் நடனம் சிறப்புடையது, ஐயமில்லை. ஆயினும், குடியரசெனப் புகழப்படும் வைசாலி ஒரு பெண்ணை நகரத்தின் பொதுவுடைமையாக்குவதை, நடனத்தால் வென்ற பட்டமாகவே படம் காட்டுகிறது. வைசாலியை அழித்த மகத மன்னன் அஜாதசத்துருவின் காதலை, பிணக்குவியல் கண்டு அவள் உதறுமிடம், 1983 முதல் 2009 வரை போர் தின்ற மண்ணிலிருந்து பார்க்கும் நம்மை உலுக்குகிறது. ஆனால், புத்தர் திருவடியிற் கதை முடிந்துவிடுகிறது! பாளி நூல்களின் அம்பபாலியோ, புத்தருக்குத் தான் அளிக்கவிருந்த விருந்தை லிச்சவியர் இலட்சம் தருவதாகக் கூறியும் விட்டுக்கொடாதவள். மாந்தோப்பைச் சங்கத்துக்கு ஈந்தவள். மானிப்பாயில் மணிமேகலை பயின்ற நமக்கு இக்குறை எளிதிற் புலனாகும். கணிகையர் குலத்துப் பிறந்த அவள், அமுதசுரபி ஏந்திச் சிறைப்பட்டோர் பசி தீர்த்தாள். மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குவித்தாள்.