வழியில் காவல் உண்டு, கையில் இல்லை

2021 அக்டோபர் கடைசியில், ஹைதராபாத் தெருவில் எடுக்கப்பட்ட காணொளி ஒன்று நாடெங்கும் பரவியது. போலீஸார் இருசக்கர வாகனங்களை நிறுத்துகிறார்கள். கைப்பேசியைக் கேட்டு வாங்குகிறார்கள். வாட்ஸ்அப் தேடல் பெட்டியில் ‘கஞ்சா’ போன்ற சொற்களைத் தட்டி, உரையாடல்களைத் துழாவுகிறார்கள். போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கை என்றார்கள். யாரையும் வற்புறுத்தவில்லை, மக்களே ஒத்துழைக்கிறார்கள் என்று விளக்கமும் வந்தது. வாட்ஸ்அப்போ 2016 ஏப்ரலிலேயே எல்லா உரையாடல்களுக்கும் முனைக்கு முனை மறையாக்கம் தந்துவிட்ட செயலி. அந்த மறையாக்கத்தில் ஒரு கீறலும் விழாமலேயே அந்தரங்கம் பறிபோனது.

மறையாக்கம் வெறும் விளம்பரம் என்று இதை வைத்து முடிவுகட்டுவது தவறு. செய்தி அனுப்புபவரின் கைப்பேசியிலேயே பூட்டப்பட்டு, பெறுபவரின் கைப்பேசியில்தான் திறக்கிறது. நடுவிலுள்ள சர்வருக்கு அது பொருளற்ற எழுத்துக் குவியல். இதன் அருமையை உணர்த்துவதும் ஹைதராபாத்தான். தெலங்கானாவில் 2023 தேர்தலுக்கு முந்தைய ஆட்சியில் அரசியல்வாதிகள் உள்ளிட்ட பலரின் தொலைபேசிகளை உளவுப் பிரிவு சட்டவிரோதமாக ஒட்டுக்கேட்டது, அத்தேர்தலின் முடிவுக்குப் பின் ஹார்டு டிஸ்குகளை அழித்தது என்ற குற்றச்சாட்டில் 2024 மார்ச்சில் தெலங்கானா போலீஸ் அதிகாரிகளே கைதானார்கள். சாதாரண அழைப்பைத் தொலைபேசி நிறுவனத்தின் வழியாகவே ஒட்டுக்கேட்க முடியும். மறையாக்கம் செய்த செய்தியை அப்படி நடுவழியில் படிக்க முடியாது. ஊரையே மொத்தமாக வேவு பார்ப்பதை இந்தத் தொழில்நுட்பம் தடுக்கிறது. இது சிறிய சாதனையல்ல.

குறைகள் பெரும்பாலும் இரு முனைகளில் இருக்கின்றன. 2019இல் பெகாசஸ் உளவு மென்பொருள், வாட்ஸ்அப் அழைப்பு வழியாகவே உலகெங்கும் சுமார் 1,400 பேரின் கைப்பேசிகளைக் குறிவைத்தது. இந்தியப் பத்திரிகையாளர்களும் வழக்கறிஞர்களும் அதில் இருந்தார்கள். அழைப்பை எடுக்காவிட்டாலும் மென்பொருள் உள்ளே நுழைய வழியிருந்தது. கூகுள் டிரைவிலும் ஐகிளவுடிலும் சேமிக்கும் பேக்கப் நகலுக்கு மறையாக்க வசதி 2021இல்தான் வந்தது. அதையும் பயனரே இயக்க வேண்டும். டெலிகிராமில் ‘ரகசிய உரையாடல்’ தவிர மற்ற செய்திகளுக்கு முனைக்கு முனை மறையாக்கமே கிடையாது. யார் யாரோடு எப்போது பேசினார்கள் என்ற விவரத்தையும் மறையாக்கம் மறைப்பதில்லை.

அரசின் வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. 2018 மே மாதம், வாட்ஸ்அப்பில் பரவிய, பிள்ளை பிடிப்பவர் என்ற வதந்தியால் ஹைதராபாத்திலேயே ஒரு திருநங்கையைக் கும்பல் அடித்துக் கொன்றது. வதந்தியை முதலில் கிளப்பியவரைக் கண்டுபிடிக்க வேண்டாமா? 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இந்தக் கேள்வி எழுந்தபோது, செய்தியோடு முதலில் அனுப்பியவரின் அடையாளத்தை இணைக்கலாம் என்றார் சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி. அது நம்பத்தக்க வழியல்ல என்று மறுத்தார் மும்பை ஐஐடி பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். மறுத்தவர் பக்கமே நியாயம் இருப்பதாக நினைக்கிறேன். குற்றவாளி தன் அடையாளத்தை மாற்றிக்கொள்வான். அப்பாவியின் ஒவ்வொரு சொல்லும் முத்திரையோடு திரியும். ஆனாலும் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள் முதல் அனுப்புநரைக் காட்டும்படி கேட்கின்றன. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாட்ஸ்அப் தரப்பு வாதிட்டது.

ஆக, உறுதியான பகுதியை உடைக்க அரசு முனைகிறது. பலவீனமான பகுதியோ தெளிவான சட்டப் பாதுகாப்பின்றிக் கிடக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கைப்பேசியைச் சோதிக்கப் பொதுவாக நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று 2021 மார்ச்சில் கர்நாடக உயர் நீதிமன்றமும் சொன்னது. ஆனால் நடுத்தெருவில் லத்தியோடு நிற்பவர் கேட்கும்போது, வேலைக்குப் போகும் ஓர் இளைஞன் எப்படி மறுப்பான்? அச்சத்தில் நீட்டிய கையைச் சம்மதம் என்று கணக்கில் எழுதக் கூடாது.

பயனர் பேக்கப்பைப் பூட்டலாம், செய்தி தானாக மறையும்படி வைக்கலாம். அவ்வளவுதான் அவரால் முடியும். வாரண்ட் இல்லாமல் எந்தக் காவலரும் ஒருவரின் உரையாடலைத் திறக்கக் கூடாது என்று நாடு முழுமைக்கும் தெளிவான சட்டம் வேண்டும்; மீறினால் தண்டனையும் வேண்டும். கணிதம் தன் பங்கைச் செய்துவிட்டது. மீதியைச் செய்ய வேண்டியவை நாடாளுமன்றமும் நீதிமன்றமும்தான்.