பழைய கிற்றாருக்குள் ஒரு பற்றறி

அனலைதீவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து படகில்தான் போகவேண்டும். இலங்கையின் பிரதான மின்வலையமைப்பு கடலைத் தாண்டி அங்கே போனதில்லை. நெடுங்காலமாக டீசல் மின்பிறப்பாக்கிதான் ஊருக்கு வெளிச்சம் தந்துவந்தது. இப்படியான ஊரின் திருவிழா மேடையில் நின்று பார்த்தால், பழைய எலெக்ட்ரிக் கிற்றாரின் பிக்கப்பைக் கழற்றிவிட்டு ‘அக்டிவ்’ பிக்கப் பூட்டும் வழக்கத்தை வேறு விதமாக எடைபோட வேண்டியிருக்கிறது.

தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்குவது பிக்கப். பழைய பிக்கப் என்பது காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக ஓடும் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியும். அக்டிவ் பிக்கப்பில் சுற்றுகள் குறைவு. உள்ளேயே ஒரு சின்ன அம்பிளிபயர், அதற்கு 9 வோல்ட் பற்றறி. 1976இல் கலிபோர்னியாவில் தொடங்கிய ஈ.எம்.ஜி. நிறுவனம்தான் இதைப் பரவலாக்கியது.

ஆதாயம் மேடையில் உடனே தெரியும். டியூப் லைற்றின் இரைச்சலையும் மின்பிறப்பாக்கியின் இரைச்சலையும் பழைய சுருள் வாங்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். நீளமான கேபிள் மேல்தொனியைத் தின்றுவிடும். அக்டிவ் பிக்கப்பில் இரண்டு தொல்லையும் பெரிதும் குறைகின்றன.

இதைவிடப் பெரிய விஷயம் உயிர்ப் பாதுகாப்பு. சாதாரண கிற்றாரில் தந்திகள், பிரிட்ஜிலிருந்து போகும் ஒரு வயர் வழியாக அம்பிளிபயரின் எர்த்தோடு இணைந்திருக்கும். எர்த் சரியில்லாத மேடையில் கை தந்தியிலும் உதடு மைக்கிலும் பட்டால் மின்சாரம் உடம்பினூடாகப் பாயலாம். ‘ஸ்டோன் த குரோஸ்’ குழுவின் கிற்றார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972 மே 3ஆம் திகதி வேல்ஸின் ஸ்வான்சி மேடையில் இறந்தது எர்த் இல்லாத மைக்கைத் தொட்டதால்தான். ஈ.எம்.ஜி. பூட்டும்போது தந்திக்கான அந்த வயரை இணைக்கத் தேவையில்லை. ஆபத்து முற்றாக நீங்காது, வெகுவாகக் குறையும். தீவுப்பகுதி மேடைகளைப் பொறுத்தவரை இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் பற்றறி? ஈ.எம்.ஜி. 81 என்ற பிக்கப் ஒரு பற்றறியில் ஏறத்தாழ 3,000 மணிநேரம் ஓடும் என்பது நிறுவனத்தின் கணக்கு. வாசித்து முடிந்ததும் கேபிளைக் கழற்ற மறந்தால் பற்றறி வீணாக இறங்கிக்கொண்டே இருக்கும். பற்றறி செத்தால் கிற்றாரும் ஊமை. 1990இல் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பற்றறியும் தடைப்பட்டியலில் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சனம் அது. கடைப் பொருளொன்றை நம்பியே பேசும் வாத்தியத்தின் பலவீனத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

இழக்கப்படும் ஒலியும் சின்ன விஷயமல்ல. பழைய சுருள்கள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. சுற்றிய கையும் காந்தத்தின் வயதும் தொனியில் தெரியும். வொலியூமைச் சற்றுக் குறைத்தால் குரலே மாறும். அக்டிவ் பிக்கப் தெளிவானது, சீரானது. அந்தச் சீர்தான் பல பழைய கிற்றார்களை ஒரே குரலில் பேச வைத்துவிடுகிறது.

பிக்கப்பை மாற்றினால் கிற்றாரின் மதிப்புக் குறைந்துவிடும் என்ற வாதத்தில் பாதிதான் உண்மை. புகழ்பெற்ற கிற்றார் கலைஞர் டேவிட் கில்மோரின் சிவப்பு ஸ்ட்ராற்றோகாஸ்டர் கிற்றாரில் இருந்தது ஈ.எம்.ஜி.தான், 2019 ஜூனில் நியூயோர்க்கில் கிறிஸ்டிஸ் ஏலத்தில் அது 6,15,000 டொலருக்குப் போனது. அது கில்மோர் என்ற பெயருக்குக் கிடைத்த விலை. பெயர் தெரியாதவர் கையிலிருந்து வரும் 1960களின் கிற்றாரில் வாங்குபவர் முதலில் தேடுவது மூலப் பிக்கப்பைத்தான்.

உண்மையான சேதம் பிக்கப்பை மாற்றுவதில் இல்லை, பற்றறிக்கு இடம் வேண்டுமென்று மரத்தைக் குடைவதில் இருக்கிறது. பிக்கப்பைத் திருப்பிப் பூட்டலாம். அக்டிவ் பிக்கப்புக்கான 25 கிலோ ஓம் வொலியூம் குமிழ்களை எடுத்துவிட்டுப் பழைய 250ஐ வைக்கலாம். வெட்டிய மரம் திரும்ப வராது. உப்புக்காற்றில் கம்பி அரித்துச் சுருள் ஏற்கெனவே அறுந்துபோன கிற்றார் என்றால், எபொக்சியில் மூடிய அக்டிவ் பிக்கப் அதற்கு மறுவாழ்வு, தயங்கத் தேவையில்லை. சுருள் உயிரோடிருந்து, உளி வைக்காமல் பற்றறிக்கு இடமும் கிடைக்காதென்றால், அந்தக் கிற்றாரை அப்படியே விட்டுவிட்டு மேடைக்கு வேறொன்று வாங்குவதே சரி.